மூன்று விருப்பப் பாடங்கள்

பத்து நிமிஷம் ஆகிவிட்டது. ஒரு படிவத்தை மேசைமேல் வைத்து, கையெழுத்து வாங்கி, தேங்க்யூ மேடம் என்று சொல்லி வெளியே வர எதற்குப் பத்து நிமிஷம். எனக்கு முன்னால் போன ஏழு பேரும் போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். சித்திகா உள்ளே போனபோது கதவு திறந்துதான் இருந்தது, மின்விசிறிக் காற்றில் காகிதங்கள் படபடப்பதுகூடக் கேட்டது, அப்புறம் யாரோ எழுந்து வந்து சாத்தினார்கள். எங்கள் வகுப்புப் பொறுப்பு ஹெப்சிபா மேடம் கதவைச் சாத்தி நான் பார்த்ததே இல்லை. மார்க் குறைந்தவர்களைத் திட்டும்போதுகூடத் திறந்து வைத்துத்தான் திட்டுவார், வெளியே உட்கார்ந்திருப்பவர்களும் கேட்டுத் திருந்தட்டும் என்று. சித்திகாவைத் திட்ட ஒன்றுமில்லை, அவள் எல்லாவற்றிலும் எண்பதுக்கு மேல். அப்படியென்றால் பேச்சு அவளைப் பற்றியது இல்லை. வேறு யாரைப் பற்றி. நான் இயற்பியல் துறை வராந்தாவில், பெஞ்சின் நுனியில், மடியில் படிவத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். ஏப்ரல் வெயில் ஜன்னல் கம்பி வழியாக விழுந்து தரையெல்லாம் வரிவரியாகக் கிடக்கிறது. வெயில் இருக்கும்வரை எனக்கு ஒரு குறையுமில்லை. படிவத்தின் தலையில் பொடி எழுத்தில் இருக்கும் 'இளநிலை இயற்பியல், ஐந்தாம் ஆறாம் பருவங்கள், விருப்பப் பாடத் தேர்வு' என்பதும் தெரிகிறது, அதற்குக் கீழே மு. இசக்கியம்மாள் என்று நானே எழுதியதும் தெரிகிறது. நாலு மணிக்குள் கொடுக்க வேண்டும். காலையில் வகுப்பில் வைத்து மேடம் என்னை மட்டும் பார்த்துச் சொன்னார், "இசக்கி, உன் ஃபார்மை நீயேதான் கொண்டு வரணும். யார் கையிலயும் குடுத்து விடாத." மற்றவர்களிடம் அப்படிச் சொல்லவில்லை. மஞ்சுவின் படிவத்தை அனிதாதான் கொண்டு போனாள், வாங்கிக்கொண்டார்.

மூன்று தொகுதி, ஒவ்வொன்றிலும் இரண்டு தாள், இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டும். முதல் தொகுதியில் நிறமாலையியல் அல்லது எண்ணியல் முறைகள். நான் எண்ணியல் முறைகள். இரண்டாவதில் லேசர் அல்லது நுண்செயலி. நான் நுண்செயலி. மூன்றாவதில் வானியற்பியல் அல்லது ஆற்றல் இயற்பியல். நான் ஆற்றல் இயற்பியல். திங்கட்கிழமை எல்லாரும் பென்சிலில் எழுதிக் காட்டினோம், மேடம் பார்த்துவிட்டு இன்று காலை திருப்பிக் கொடுத்தார். என் தாளில் மட்டும் முதல் தொகுதிக்கு நேராக ஒரு சின்னக் கேள்விக்குறி. யார் போட்டது. மேடம் எப்போதும் சிவப்பு மை. இது பென்சில். சித்திகாவும் நானும் ஒரே பெஞ்ச், ஒரே பென்சில் டப்பா. கேள்விக்குறியை அழித்துவிட்டுப் பேனாவால் எழுதிவிட்டேன், ஆனால் அழித்த இடம் காகிதத்தில் கொஞ்சம் சொரசொரவென்று இருக்கிறது, விரல் திரும்பத் திரும்ப அங்கேயே போகிறது. கடைசியில் 'தேர்வுக்கான காரணம்' என்று இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார்கள். 'வேலைவாய்ப்பு' என்று எழுதியிருக்கிறேன். ஒரே சொல். பொய் சொல்லுகிறவர்கள் நிறையப் பேசுவார்கள் என்பார்களே, அதனால்தான் ஒரே சொல்லோடு நிறுத்தினேன். இப்போது பார்த்தால் அந்த ஒரு சொல்தான் அதிகச் சந்தேகமாக இருக்கிறது. இரண்டு வரி இடத்தில் ஒரு சொல் எழுதுகிறவள் எதையோ அமுக்குகிறாள் என்று எனக்கே தோன்றுகிறதே, இருபத்திரண்டு வருஷம் பாடம் நடத்திய மேடத்துக்குத் தோன்றாதா.

சித்திகா சொல்லியிருப்பாள். வேறு யாருக்குத் தெரியும். முழுப்பேர் ஆயிஷா சித்திகா, மேலப்பாளையத்துக்காரி, சுருக்கிச் சித்தி என்று கூப்பிடுவோம், அவளும் 'என்ன பிள்ளைகளா' என்று சித்தி மாதிரியே கேட்பாள். இரண்டு வருஷமாக ஆய்வகத்தில் என் ஜோடி. இருட்டறைக்குள் போனதும், நான் கேட்காமலே, 'நீ குழாயைத் திருப்பு, நான் ரீடிங் பாக்கேன்' என்று சொல்லிவிடுவாள். ஏன் கேட்காமலே சொன்னாள். நிறமாலைமானியில் கண்ணை வைத்துப் பார்க்கிற குழாய்க்குக் கீழே ஒரு வட்டத்தட்டு, அதில் அளவுகள் மயிர்க்கோடு மாதிரி இருக்கும், செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு உள்ளே போய் இரண்டு நிமிஷத்தில் இருட்டு பழகிவிடுகிறதாம், சோடியம் விளக்கின் மஞ்சளில் மேசை தெரியுமாம், ஸ்டூல் தெரியுமாம், எதிரே நிற்பவளின் முகம் தெரியுமாம். எனக்கு விளக்கு மட்டும்தான் தெரியும். சுற்றிலும் கறுப்பு. ஒரு மணி நேரம் நின்றாலும் அதே கறுப்பு. ஆனால் குழாயில் கண்ணை வைத்துவிட்டால் அந்த மஞ்சள் கோடு, ஒன்று போலிருந்து கூர்ந்து பார்த்தால் இரண்டாகப் பிரிகிற அந்தக் கோடு, அது எல்லாரையும் விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று நினைக்கிறேன். சித்திகா சொன்ன எண்களை நான் எழுதிக்கொள்வேன். ஒருநாள் நூற்றுப்பதினேழு டிகிரி என்றாள், அடுத்த நிமிஷம் இல்லை நூற்றுப்பதினாறு என்றாள், வேண்டுமென்றே மாற்றிச் சொல்லி என்னைச் சோதிக்கிறாளோ என்று அன்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. அவள் சொன்னதை ஒருமுறையாவது குனிந்து சரிபார்க்கிறேனா என்று பார்த்தாளோ. நான் குனிந்தேன். குனிந்து, வெறும் கறுப்பைப் பார்த்து, 'ஆமா, பதினாறுதான்' என்றேன்.

மார்ச்சில் நடந்த செய்முறைத் தேர்வில் ஜோடி கிடையாது. தனியாகத்தான் போனேன். அரைமணி நேரம் செல்போனை அனுமதிக்கக் கெஞ்சிப் பார்த்தேன், தேர்வில் செல்போன் கூடாது, மேசைக்கு ஒரு கைவிளக்கு உண்டு என்றார்கள், என் மேசையில் அது எங்கே வைத்திருந்தார்களோ, தடவித் தடவிப் பார்த்தேன், கையில் முப்பட்டகம்தான் தட்டுப்பட்டது. சாதாரணக் கண்ணாடியாக இருக்கும் என்று நினைத்து ஒளிவிலகல் எண் ஒன்று புள்ளி ஐந்து இரண்டு என்று விடையை முதலில் எழுதி, அதிலிருந்து பின்னாலே போய்க் கோணங்களைப் போட்டேன். வெளியே வரும்போது ஒரு ஸ்டூலில் இடித்து விழுந்தேன். வாசலில் ஹெப்சிபா மேடம் நின்றிருந்தார், என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, என் மேசையில் இருந்தது கனமான கண்ணாடி, ஒன்று புள்ளி ஆறுக்கு மேல் வர வேண்டும். ஆனாலும் நாற்பதுக்கு நாற்பது. ஒளியியல் எடுக்கும் வேதமாணிக்கம் சார் யாருடைய விடையையும் சரிபார்ப்பதில்லை, அட்டவணை நிரம்பியிருந்தால் முழு மார்க், அது கல்லூரிக்கே தெரிந்த கதை. அவர் சரிபார்க்கவில்லை சரி, மேடமும் பார்க்கவில்லையா. பார்த்துவிட்டு, தெரிந்துகொண்டு, இந்தப் படிவத்துக்காகக் காத்திருந்தாரோ. 'இசக்கி, ஒளியியல் எழுத்துத் தேர்வில் வகுப்பிலேயே முதல் மார்க், அப்புறம் ஏன் அதைத் தொடரவில்லை' என்று கேட்டால் என்ன சொல்வது. கம்ப்யூட்டர் படித்தால் வேலை கிடைக்கும் என்று அப்பா சொன்னார் மேடம். அப்பாவைக் கூட்டிட்டு வா என்றால்.

அப்பாவைக் கூட்டிவர முடியாது. அம்மாவுக்கு அப்பா தாய்மாமன். அதைச் சொல்லவேண்டி வரும். போன வருஷம் கல்லூரியில் கண் முகாம் நடந்தபோது ஏதோ கண்ணாடி கிடைக்கும் என்று போய் நின்றேன். சொட்டு மருந்து விட்டு, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்த டாக்டர் முதலில் பேசிக்கொண்டே இருந்தவர் பேச்சை நிறுத்தினார். "அப்பா அம்மா சொந்தத்துல கட்டுனவங்களாம்மா?" என்றார். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது, கண்ணுக்கும் அதற்கும் என்ன. விழித்திரை என்றார், ராத்திரியில் தெரியாமல் இருப்பது சின்ன வயசிலிருந்தே இருந்திருக்குமே என்றார், ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்றார், எவ்வளவு வேகமாக என்று ஆளுக்கு ஆள் மாறும், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் போகணும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை நெல்லையப்பர் கோவில் பக்கம் வரும்போது பஸ் ஜன்னல் வழியாகப் போட்டேன். சின்ன வயசில் ராத்திரி கரண்டு போனால் நான் இருந்த இடத்தை விட்டு நகரமாட்டேன், பயந்தாங்கொள்ளி என்பார்கள், நானும் பயம் என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டில் சொன்னால் அம்மா அழுவாள், அப்பா யாரோடும் பேசாமல் மூன்று நாள் திரிவார், பிறகு மாப்பிள்ளை பார்ப்பார்கள், வெளியே தெரிவதற்குள் முடித்துவிடலாம் என்று. படிப்பு அவ்வளவுதான். சீட்டு பறந்து போனதை யாராவது பார்த்திருப்பார்களா. அன்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார். சித்திகா. அவள்தான், "என்னட்டி அது?" என்று கேட்டாள். டிக்கெட் என்றேன்.

கதவு திறந்தது. சித்திகா முக்காட்டைச் சரிசெய்துகொண்டே வெளியே வந்தாள். என் கண்ணைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையைப் பார்த்தாள்.

"உன்னை வரச் சொல்லுதாங்க."

"இவ்வளவு நேரம் என்ன கேட்டாங்க?"

"ஒண்ணுமில்ல. நீ போ."

"என்னைப் பத்தியா?"

"போ ட்டி, கூப்பிடுதாங்கல்லா" என்றாள், சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்கு நிற்காமல் தண்ணீர்க் குழாய் பக்கம் போய்விட்டாள். அவள் எப்போதுமே பேச்சை முடித்துவிட்டுத்தான் நகர்வாள். அவள் கையில் அவளுடைய படிவம் இருந்தது, அதில் கையெழுத்து ஆகியிருந்ததா இல்லையா என்று பார்ப்பதற்குள் திருப்பிக்கொண்டாள். சொல்லிவிட்டாள். முடிந்தது. இனி உள்ளே போய் நான் கேட்க வேண்டியது என் கதையையே, அவள் வாயால் போய் மேடம் வாயால் திரும்பி வருவதை. எழுந்தேன்.

மேடம் கதவைத் தானே சாத்தினார். உட்காரச் சொன்னார். படிவத்தை வாங்கிப் பார்த்தார், மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை. அழித்த இடத்தில் அவர் கட்டைவிரலும் நின்றது.

"இந்தக் கேள்விக்குறியை நான்தான் போட்டேன். எதுக்கு அழிச்ச?"

"தெரியாம மேடம்."

"இசக்கி, நான் ஒண்ணு கேக்கேன். பயப்படாம சொல்லணும். இந்த அறையை விட்டு வெளிய போகாது." குரல் இறங்கிவிட்டது. "நீ வேண்டாம்னு விட்ட மூணு தாளும் எதுன்னு பாத்தேன். நிறமாலையியல், லேசர், ரெண்டும் இருட்டறையில. மூணாவது, மொட்டைமாடியில ராத்திரி வானம் பாக்கது. மூணும் ஒரே ஆள் எடுக்க தாள். வேதமாணிக்கம் சார்."

பேச்சை எங்கே கொண்டு போகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

"எழுத்துல நீதான் முதல். ஆனா அவர் இருக்க பக்கமே வரமாட்டேங்க. அன்னைக்குத் தேர்வுல விழுந்து எந்திரிச்சு வெளிய வந்த, உன் மூஞ்சியில ரத்தமே இல்ல. உன் விடை தப்பு, நான் பாத்தேன். ஆனா நாப்பதுக்கு நாப்பது போட்டிருக்கார். எதுக்குப் போட்டார்?" மேடம் நாற்காலியை முன்னால் இழுத்தார். "அந்த இருட்டுக்குள்ள அவர் உன்கிட்ட ஏதாவது… தப்பா நடந்தாரா? சித்திகாகிட்ட கேட்டேன். எனக்குத் தெரியாது மேடம், இசக்கி உள்ள வந்தா குழாயைத் திருப்பதோட சரி, ஓரமா நிப்பா, மத்த வேலை எல்லாம் நான்தான் செய்வேன்னு மட்டும் சொன்னா. அது இன்னும் எனக்குச் சந்தேகமா இருக்கு. சொல்லும்மா. நான் உன் பக்கம்."

சித்திகா சொல்லவில்லை. முதலில் அதுதான் மனதில் விழுந்தது, மற்றது பிறகுதான். அவளுக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது, யாரும் சொல்லவில்லை, நான் எடுத்த மூன்று தாளும் எடுக்காத மூன்று தாளும் சேர்ந்து நின்று தாங்களாகவே ஒரு கதை சொல்லியிருக்கின்றன, தப்பான கதை. மேடத்தின் கண்ணில் ஒரு ஈரம் இருந்தது, இத்தனை வருஷத்தில் வேறு ஏதோ ஒரு பெண்ணுக்காக, அல்லது தனக்காகவே, கேட்காமல் விட்ட கேள்வியை இப்போது கேட்கிறார் போலிருந்தது. நான் வாயைத் திறக்கக்கூட வேண்டாம். தலையைக் குனிந்தால் போதும். ஏன் குனிந்தாள் என்று இனி யாரும் கேட்கமாட்டார்கள், இருட்டறைப் பக்கம் போ என்று ஒருத்தரும் சொல்லமாட்டார்கள், இசக்கி பாவம் என்று மூன்றாம் ஆண்டு முழுக்கச் சுற்றி நின்று காப்பாற்றுவார்கள், கண்ணைப் பற்றிய பேச்சே வராது. இதைவிட நல்ல மறைப்பு கிடைக்குமா. நான் பொய்யே சொல்லவில்லையே, சும்மா இருந்தேன், அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். வேதமாணிக்கம் சார் எனக்கு யார். சட்டைப் பையில் சாக்பீஸ் தூளோடு திரிகிற மனுஷர், இருட்டறைக்குள் விளக்கைப் போட்டுவிட்டு வெளியே வந்து பேப்பர் படிப்பார், அந்தப் பேப்பரில் குறுக்கெழுத்து போடுவார், ஒரு சொல் வராவிட்டால் எங்களிடம் கேட்பார். எங்களைத் தொட்டுப் பேசியதில்லை. அவருக்கு ஒரு மகள், இங்கேயே வணிகவியல் முதலாம் ஆண்டு. நான் குனிந்திருக்கிறேனா. தலை ஏற்கெனவே குனிந்துதான் இருந்தது, கேள்விக்கு முன்னாலேயே, படிவத்தைப் பார்க்க. மேடம் அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். அவர் கை தொலைபேசிப் பக்கம் போனது.

"இல்ல மேடம்."

"பயப்படாத."

"இல்ல மேடம். சார் ஒண்ணும் செய்யல. சத்தியமா ஒண்ணும் செய்யல." என் குரல் எனக்கே அதிகச் சத்தமாகக் கேட்டது. "எனக்குக் கண்ணு தெரியாது."

மேடம் என்னைப் பார்த்தார். என் கண்களையும் பார்த்தார், இரண்டையும் மாறி மாறி.

"இருட்டுல தெரியாது. மாலைக்கண்ணு மாதிரி, ஆனா அது இல்ல. விழித்திரையில கோளாறு. கூடிக்கிட்டே போகும்னு முகாம்ல சொன்னாங்க. தேர்வுல அந்த ரீடிங் எல்லாம் நானா எழுதுனது. இருட்டறை இல்லாத தாளாப் பாத்து எடுத்தேன். அவ்வளவுதான் மேடம்."

"அப்பாடா, நல்ல வேளை" என்றார் மேடம்.

சொன்னதும் அவரே வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், சிரிப்புதான் வந்தது, அதை அடக்கினேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்து, எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவர் மாதிரி நின்று, மறுபடி உட்கார்ந்தார். "ஸாரிம்மா. நான் அந்த அர்த்தத்துல… வீட்டுல தெரியுமா?" தெரியாது என்றேன். "டாக்டர்?" போகவில்லை என்றேன். ஏன் என்று கேட்க வந்தவர் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, "அவரைப் பத்தி நான் கேட்டது வெளிய போகாம பாத்துக்கோ. அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சா செத்துருவார்" என்றார். உங்களைப் பற்றிய ரகசியம் ஒன்று என்னிடம், என்னைப் பற்றியது ஒன்று உங்களிடம். அப்படி நினைத்தேன், சொல்லவில்லை. படிவத்தைக் கையில் எடுத்தார், பேனாவைத் திறந்தார், கையெழுத்துப் போடாமல், "இப்படியே போட்டுரட்டுமா?" என்றார்.

இப்படியே போட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். எதற்கு இப்படியே. மூன்று தாளையும் நான் விட்டது கண்ணுக்காக இல்லையே, கண்ணைப் பற்றி யாரும் அறியாமல் இருக்கத்தானே. குழாயில் கண்ணை வைத்தால் கோடு தெரிகிறது. அளவைப் படிக்க ஒருவர் போதும், நல்ல விளக்கு ஒன்று போதும். இப்போது தெரிந்துவிட்டது, ஒருவருக்காவது தெரிந்துவிட்டது, இனி எதை மறைக்க நுண்செயலி படிப்பது. ஓரத்திலிருந்து குறையும் என்றார் அந்த டாக்டர். நடுவில் இருப்பது கடைசியாகப் போகுமாம். எத்தனை வருஷம் என்று ஆளுக்கு ஆள் மாறுமாம்.

"முதல் தொகுதியை மட்டும் மாத்திக்கிடட்டுமா மேடம்? நிறமாலையியல்."

"முடியுமா உன்னால?"

"ரீடிங் பாக்க முடியாது. மத்தது முடியும்."

"ரீடிங் பாக்க ஆள் வச்சுக்கிட விதியில இடம் இருக்கான்னு கேக்கணும். எழுதிக் குடுக்கணும், டாக்டர் சர்டிபிகேட் கேப்பாங்க. அதுக்கு உங்க அப்பா அம்மா வரணும்." அவர் என்னைப் பார்த்தார், நான் பார்வையை எடுக்கவில்லை. "வருவாங்களா?"

"சொல்லிப் பாக்கேன்" என்றேன். அவர் எண்ணியல் முறைகளைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் நிறமாலையியல் என்று எழுதி, சின்னதாகக் கையெழுத்துப் போட்டார். மற்ற இரண்டையும் அப்படியே விட்டோம். மொட்டைமாடி வேண்டாம். அதற்கு இன்னும் எனக்குத் துணிச்சல் இல்லை.

வெளியே வந்தபோது வேதமாணிக்கம் சார் வராந்தாவில் எதிரே வந்தார், கையில் மடித்த பேப்பர். "என்னம்மா, எந்தத் தாள் எடுத்த?" என்றார். உங்க தாள்தான் சார் என்றேன். "ஐயோ பாவம்" என்று சிரித்துக்கொண்டே போனார். ஒரு மூடிய கதவுக்குப் பின்னால் அரைமணி நேரத்தில் தன்னைத் தூக்கிலிட்டு இறக்கிவிட்டார்கள் என்று அந்த மனுஷருக்குத் தெரியாது.

சித்திகா தண்ணீர்க் குழாய் பக்கம் பாட்டிலோடு நின்றாள். என்ன கேட்டார்கள் என்று அவள் கேட்கவில்லை, நானே சொன்னேன், சார் பற்றியதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம், நின்றபடியே, ஒரே மூச்சில். அவள் முகம் மாறியது. பாவப்படுவாள் என்று நினைத்தேன்.

"ரெண்டு வருசம்" என்றாள். "ரெண்டு வருசமா உனக்கு எல்லாம் செஞ்சு குடுத்திருக்கேன். மகாராணி மாதிரி ஓரமா நிக்காளே, கையில அழுக்குப் படாம முதல் மார்க் வாங்குதாளேன்னு எங்க உம்மாகிட்டச் சொல்லி அழுதிருக்கேன். ஒரு வார்த்தை சொன்னியா?"

"நீ சொல்லிக் குடுத்துருவன்னு நெனச்சேன்."

"யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயும்."

"என்னையா சந்தேகப்பட்ட?"

"தெனமும்" என்றேன்.

அவள் பாட்டிலை மூடினாள். மூடி மரையில் சரியாக உட்காரவில்லை, மறுபடி திருகினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். நானும் பின்னால் நடந்தேன். வராந்தா முடிந்து மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஜன்னல் கிடையாது. வெயிலிலிருந்து அதற்குள் நுழைந்தால் எனக்குப் பட்டப்பகலிலும் ஒன்றும் தெரியாது, சுவரைப் பிடித்துக்கொண்டு, செல்போனைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு, எல்லாரும் போகட்டும் என்று நின்றுதான் இறங்குவேன். அவள் செருப்புச் சத்தம் நாலைந்து படி இறங்கிவிட்டது.

"சித்தி, நில்லுட்டி" என்றேன். "படி தெரியல."

சத்தம் நின்றது. போய்விட்டாள் என்றே நினைத்தேன். பிறகு செருப்பு மேலே ஏறி வந்தது, ஒவ்வொரு படியாக, கோபம் கொஞ்சமும் குறையாமல். என் மணிக்கட்டை அவள் வலிக்கும்படி பிடித்தாள்.

"எறங்கு" என்றாள்.